சதுரக் கல்லின் நாலாவது மூலை

கிட்ட வந்து உட்கார், ஹின்டா. உன் மாப்பிள்ளை அந்த வடக்கு ஜன்னல் பக்கம் நிற்கட்டும். வைரம் வைத்துப் பார்க்கிற தட்டில் அவன் நிழல் விழாமலிருந்தால் போதும். கல்லை அப்புறம் பார்ப்போம். தேநீர் ஆறுவதற்குள் ஒரு கதை சொல்கிறேன். கேட்டுவிட்டு, உங்கள் நிச்சய மோதிரத்துக்கு நான் கல் பார்க்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சதுரமாய்ப் படிவெட்டு வெட்டிய கல்தான் வேண்டும் என்கிறாய். நல்ல ஆசை. வட்டக் கல் மினுக்கியே தன் குறையை மறைத்துவிடும். படிவெட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டுப் போல, பார்வை அடிவரை போய்விடும். உள்ளே ஒரு தூசு கிடந்தாலும் காட்டிக்கொடுக்கும். மறைவென்று இருப்பது நாலு மூலைதான். தங்கக் கொக்கிகள் அங்கேதான் கவ்வி உட்காரும்.

என் தங்கை ரெய்ஸலும் இதைத்தான் கேட்டாள். எழுபத்திரண்டாம் வருஷம். அவளுக்கு இருபது வயது, எனக்கு முப்பது. அம்மா போனபோது அவள் நாலு வயதுக் குழந்தை. தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் நான்தான். என்னைப் பார்க்க வந்த மூன்று வரன்களை அவளுக்காகவே திருப்பி அனுப்பினேன். அவள் அனுப்பச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

மாப்பிள்ளை லீபா, கல் தீட்டுகிற பையன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணம் முடிந்ததும் நியூயார்க்குக்குப் போவதாக இருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? இதை யாருமே யோசிக்கவில்லை.

கல் வாங்க எங்கள் அப்பாவின் வைர அலுவலகத்துக்குத்தான் லீபா வந்தான். அப்பாவுக்கு அன்று காது வலி, படுத்திருந்தார்.

"அக்கா, நீங்களே பாத்து எடுங்க. தெருவுல உங்க கண்ணுக்கு மேல கண்ணு இல்லன்னு சொல்றாங்க."

"ஏன், தீட்டுறவனுக்குக் கண்ணு இல்லையா?"

"இருக்கு. ஆனா ரெய்ஸல பாத்ததுலேருந்து எல்லாக் கல்லும் அழகாத்தான் தெரியுது. அந்தக் கண்ண நம்பலாமா?"

நான் சிரித்துவிட்டேன். அவனை யாருக்கும் பிடித்துப்போகும்.

இரண்டு நாள் முன்னாலேயே கல்லைப் பார்த்து வைத்திருந்தேன். ஒரு காரட்டும் நாற்பத்தொரு சென்ட்டும். பனிக்கட்டி மாதிரி நிறம். நாலாவது மூலையில் மட்டும், இறகு போல உள்விரிசல். கொக்கி உட்கார்ந்தால் தெரியாது. அதைப் புதுக் காகிதத்தில் மடித்து அவன் கையில் வைத்தேன்.

"சுத்தமா, அக்கா?"

"சுத்தம்."

"அப்ப நான் பாக்க வேணாம். மஸல்."

"மஸல்," என்று கைகொடுத்தேன். நம் வைரத் தெருவில் அந்த வார்த்தை சொல்லிக் கைகொடுத்தால் பேரம் முடிந்தது, அதற்குப் பிறகு பேச்சு ஏது?

நிச்சயத்தன்று அம்மாவின் இடத்தில் நின்று, அவன் அம்மாவோடு சேர்ந்து பீங்கான் தட்டை உடைத்தது நான்தான். உடைந்த தட்டு எப்படி ஒட்டாதோ அப்படி இந்த நிச்சயமும் முறியக்கூடாது என்பார்களே, அதற்குத்தான். தட்டு சுக்குநூறாகப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், கொக்கி ஆடுகிறது என்று சொல்லி மோதிரத்தை வாங்கினேன். லீபாவும் வீட்டாரும் இருக்கையிலேயே கல்லைக் கழற்றி அப்பாவின் தட்டில் வைத்தேன். அவர் லென்ஸை எடுத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"தம்பி, கொக்கிக்கு அடியில விரிசல ஒளிச்சு என் பொண்ணுக்குப் போட்டியா?"

"அக்கா குடுத்த கல்லுதான் இது, மாமா. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரெய்ஸலும்.

"நான் குடுத்தது இந்தக் கல் இல்ல," என்றேன்.

அவ்வளவுதான். நான் குரலை உயர்த்தக்கூட இல்லை. கல்லை மாற்றுகிறவன் என்று பெயர் வந்தால் நம் தெருவில் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். லீபா எதிரில் யாரும் வைரம் மடித்த காகிதத்தைப் பிரிக்கவில்லை. பட்டறையிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பனி முடியும்போது ஸ்கெல்ட் ஆற்றில் பிணமாகக் கிடைத்தான். கோட்டுப் பையில் லென்ஸ் அப்படியே இருந்ததாம்.

ரெய்ஸல் என்னோடுதான் இருந்தாள். நிச்சயம் முறிந்த பெண்ணுக்கு வரன் வருவது கடினம். அவனைப் புதைத்த எட்டாம் நாள் தன் படுக்கையைப் பின்னறைக்கு எடுத்துப்போனாள். அங்கே குளிர் குறைவு என்று நினைத்துக்கொண்டேன். அப்பா காலமான பிறகு வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தியை அவள் தனியாக ஏற்றினாள், தனியாகச் சாப்பிட்டாள். முப்பத்து மூன்று வருஷத்தில் என்னிடம் அவள் பேசிய வார்த்தைகளை ஒரு காகிதத்தில் எழுதிவிடலாம். வாயாடி இல்லை, பாவம்.

போன குளிர்காலத்தில் அவளும் போனாள். அவள் தலையணைக்கு அடியில் ஒரு பழைய வைரக் காகிதம் இருந்தது. என் கையெழுத்து. "சதுரம், படிவெட்டு, 1.41. நாலாவது மூலையில் உள்விரிசல்." கீழே, லீபாவிடம் கொடுத்ததற்கு இரண்டு நாள் முந்திய தேதி. பார், வாய் பொய் சொல்லப் பழகியது, கை பழகவில்லை. கல்லைப் பார்த்தால் குறையை எழுதி வைப்பதுதானே நமக்கு வழக்கம்? எழுதிய காகிதத்தை எறிவதும் வழக்கமில்லை. அதில் அப்பாவின் சட்டைப் பொத்தான்களை மடித்துத் தையல் பெட்டியில் போட்டிருந்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

என் தேதிக்கு அடியில் பென்சிலில் ரெய்ஸல் இன்னொரு தேதி எழுதியிருந்தாள். அவள் பின்னறைக்குப் போன நாள்.

ஆக, அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்னைவிட்டுப் போகவில்லை, பார்த்தாயா? அதை நினைத்துத்தான் அழுகிறேன், வேறொன்றுமில்லை. அவ்வளவு பாசம் அவளுக்கு.

தேநீரைக் குடி, கண்ணு, ஆறிப்போச்சு. அந்தத் தட்டை இப்படி நகர்த்து. உனக்குச் சுத்தமான கல்லாகவே பார்க்கிறேன். உன் அடுப்பு அணையாமல், உன் மேசையில் ரொட்டி குறையாமல் இருக்கட்டும். முப்பத்து மூன்று வருஷம் எங்கள் வீட்டில் இருந்ததுபோல, உன் வீட்டிலும் ஒரு நாளும் சண்டைச் சத்தம் கேட்காமல் இருக்கட்டும்.