ஸ்டியரிங்கில் கட்டிய சிவப்புத் துணி

என் பெயர், கணவர் பெயர், முகவரி ஆகியவை மேலே எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்து நான்கு. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். தையல் கடைக்கு மேல் உள்ள மாடி வீட்டில் நான், என் கணவர், அத்தை என்று நான் அழைக்கும் மாமியார், கணவரின் தம்பி ஆகியோர் குடியிருந்து வருகிறோம். என் கொழுந்தனைக் கொல்லத் திட்டமிட்டு காரின் சக்கர நட்டுகளைத் தளர்த்தி வைத்தேன் என்று அவர் கொடுத்த புகார் பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

நட்டுகளைத் தளர்த்தியது நான்தான். அதை மறுக்கவில்லை, மறுக்கவும் மாட்டேன்.

மேற்படி கார் என் சம்பளத்தில் வாங்கியது, என் பெயரில் உள்ளது. ஷாக் அப்சார்பர் நான்கும் போய்விட்டன, ஸ்பிரிங்குகளும் உட்கார்ந்துவிட்டன. வேகத்தடை ஏறினால் வண்டி கடகடவென்று அலறும். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அத்தை ஒவ்வொரு குழிக்கும் முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். விட்டால் திரும்ப எடுத்து வரப் போவது கொழுந்தன்தான். ஊரெல்லாம் சுற்றி, பெட்ரோல் முள் படுத்த பிறகுதான் வண்டி வீடு வந்து சேரும். அதனால் நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். பிரேக் கட்டைகளை ஏற்கெனவே இரண்டு முறை நானே மாற்றியிருக்கிறேன்.

சம்பவத்துக்கு முதல் நாள் மாலை புது ஷாக்குகளையும் ஸ்பிரிங்குகளையும் கூடத்தில் பிரித்து, இடது எது, வலது எது என்று பார்த்து வைத்தேன். அதன் பிறகு கீழே போய், துருவேறிய போல்ட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். அதன் பிறகு சாப்பிடும்போது எல்லோர் முன்னிலையிலும் கொழுந்தனிடம், "தம்பி, நாளைக்கு வண்டியத் தொடாதீங்க, நட்டெல்லாம் தளர்த்தி வெச்சிருப்பேன்" என்று சொன்னேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிங்கண்ணி" என்றார்.

மறுநாள் காலை முன்சக்கரங்கள் இரண்டின் நட்டுகளையும் தளர்த்தினேன். ஜாக்கியில் ஏற்றிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் கூடவே சுற்றும் என்பதால், வண்டி தரையில் நிற்கும்போதே அதைச் செய்வதுதான் முறை. அதன் பிறகு, ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்ததால், அத்தையின் பழைய சிவப்புப் பாவாடையில் கிழித்த துணியை, வண்டியை எடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக ஸ்டியரிங்கில் குறுக்காகச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, வண்டியைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வண்டி இல்லை. அத்தையின் பீரோவில் இருந்த மாற்றுச் சாவியும் இல்லை. உடனே கொழுந்தனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன், துண்டித்தார். அதன் பிறகு கருவியை வாசலிலேயே போட்டுவிட்டு, அவர் வழக்கமாகப் போகும் சாலையில் செருப்பில்லாமல் ஓடினேன். மார்க்கெட் வளைவில் கார் ஒரு பக்கம் சாய்ந்து மின்கம்பத்தில் முட்டி நின்றது. இடது முன்சக்கரம் கழன்று பழக்கடை வாசலில் கிடந்தது. கொழுந்தனுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. நான்தான் டாக்சி பிடித்து மருத்துவமனையில் சேர்த்தேன். அங்கே அவர் என்னிடம், "கடகடன்னு சத்தம் வந்துச்சு அண்ணி, பழைய ஷாக்குதானேன்னு பாட்டச் சத்தமா வெச்சுட்டேன்" என்றார். மறுநாள்தான் அது கொலை முயற்சி ஆனது.

துணி எதையும் பார்க்கவே இல்லை என்று புகாரில் எழுதியிருக்கிறார். அந்தத் துணி கார் கதவின் பையில் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்தவர் இந்த நிலையத்துக் காவலர். சக்கரம் தானாகக் கழலலாம். துணி தானாக முடிச்சவிழ்ந்து மடிந்துகொள்ளாது.

இங்கே வரும் வழியில் என் கணவர், "தெரியாம நடந்துபோச்சு, என் தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிடேன், அவன் வாபஸ் வாங்கிடுவான், வீடும் வீடா இருக்கும்" என்றார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "உள்ள வெச்சிருவாங்கம்மா" என்றார். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். எனக்கு அது தாங்கவில்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன். பெட்ரோல் காலியானதற்கும், பக்கக் கண்ணாடி உடைந்ததற்கும், இத்தனை வருஷம் "போகட்டும்" என்று சொன்ன வாய் இது. பூட்டியதைத் திறந்து, கட்டியதை அவிழ்த்து எடுத்துப் போனவரின் தப்பை என் தலையில் கட்ட விட மாட்டேன். உள்ளே வைப்பதானால் வைக்கட்டும். இந்த வரி வேண்டாமே என்று அதிகாரி சொன்னார். நான் வற்புறுத்தியதால் எழுதப்பட்டது.

வழக்கு முடிந்ததும் மேற்படி சிவப்புத் துணியை என்னிடமே ஒப்படைக்க வேண்டும். ஷாக்குகள் இன்னும் கூடத்தில்தான் இருக்கின்றன. வண்டி கைக்கு வந்ததும் வேலையைத் தொடங்குவேன், ஸ்டியரிங்கில் அதையேதான் மறுபடியும் கட்டுவேன்.

மேலே உள்ளவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொன்னவை, நடந்தவை. வாசித்துக் காட்டினார்கள். மன்னிப்பு என்ற சொல் எந்த இடத்திலும் சேர்க்கப்படவில்லை என்று நானும் ஒரு முறை படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)