சம்பந்தி வீட்டில் மீன் இல்லை

செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது. கடலோரக் குப்பத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“மீனுதான் இல்ல, மட்டிச் சிப்பியாவது ஆக்கக்கூடாதான்னு கேட்டியே, உன்ன இன்னா பண்றது?” என்றாள் மனைவி.

“கடலு பச்சையா கீது, மீன் புடிக்கப் போட்டு எதுவும் போவலன்னு சொன்னாங்க. நம்ம ஏரி பாசி புடிக்கற மாதிரின்னு நெனச்சுக்கினு கேட்டுட்டேன்.”

“அது வெசப் பாசியாம். முன்னெல்லாம் எப்பவோ ஒரு வாட்டி வருமாம், இப்ப அடிக்கடி வருதாம். மட்டி அதத் தின்னாலும் சாவாதாம். அந்த மட்டியத் தின்ற மனுசனுக்குத்தான் ஆபத்தாம். சம்பந்தியம்மாவோட தம்பி சின்ன வயசுல அப்படித்தான் செத்துச்சாம். நாக்கு மரத்துப்போயி, அப்புறம் மூச்சே வரலியாம். நம்ம பொண்ணு தனியா இட்டுக்கினு போயி சொல்லிச்சு. நீ கேட்டதும் அந்தம்மா எழுந்து உள்ள போச்சே, பாத்தியா?”

“பாத்தேன். ரசம் எடுத்தாரப் போவுதுன்னு நெனச்சேன்.”

அவர் போனை எடுத்தார்.

“சம்பந்தியம்மா, நான் தெரியாம...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். “ம்... சீட்டு கெடச்சுதும்மா... ஐயோ, அதெல்லாம் இல்லம்மா...”

போனை மடியில் வைத்துவிட்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“சொன்னியா?” என்றாள் மனைவி.

“எங்க சொல்ல உட்டுது? சாப்பாட்டுல மீனு போடலியேன்னு அந்தம்மா எங்கிட்ட மன்னிப்பு கேக்குது.”