இரண்டாம் கோல்கீப்பர்

மாப்ள: கையை ஆட்டாதீங்க மச்சான். டேப்பு சுருங்குது.

மச்சான்: நான் எங்க ஆட்டுறேன்? ரெண்டு விரலைச் சேர்த்துச் சுத்துன்னா, நீ மொத்தக் கையையும் பார்சல் கட்டுற.

மாப்ள: போன சீசன்ல அந்தச் சுண்டுவிரல் பின்னாடி திரும்பினப்போ கத்தினது யாரு?

மச்சான்: கத்தல. ரெஃப்ரியைக் கூப்பிட்டேன்.

மாப்ள: "அம்மா அம்மா"ன்னா கூப்பிட்டீங்க? ரெஃப்ரிக்கு மீசை இருந்துச்சே.

மச்சான்: சரி, சுத்து... என்ன நாத்தம் இன்னிக்கு இந்த ரூம்ல?

மாப்ள: ஷவர் அடைச்சுக்கிச்சு. நல்ல ரூமை எதிர் டீமுக்குக் கொடுத்துட்டாங்க.

மச்சான்: அதுல லைட்டு எரியாது. இருட்டுல ரெண்டு காலுக்கும் ஒரே கால் ஷூவைப் போட்டுக்கிட்டு வந்தா நமக்கு நல்லது.

மாப்ள: டிரா பண்ணினாக்கூடப் போதும்ல?

மச்சான்: போதும். தோத்தா ஒரு டிவிஷன் கீழ. அதுக்கும் கீழ போயி ஆடுறதுக்கு நான் வேலை பார்க்கிற குடோன் பின்னாடியே ஆடிக்கலாம். அங்க ஷவராவது வேலை செய்யுது.

மாப்ள: நீங்க விட மாட்டீங்க.

மச்சான்: போன வாரம் விட்டேனே.

மாப்ள: அது வெயில். கண்ணு கூசிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?

மச்சான்: ம்... ஆமா, வெயில்.

மாப்ள: கோச் கேட்டாரு. நானும் அதான் சொன்னேன். பெஞ்சுல உட்கார்ந்திருந்த எனக்கே கூசிச்சு சார்னேன்.

மச்சான்: பெஞ்சுக்கு மேல கூரை இருக்கே.

மாப்ள: சைடுல வந்துச்சு.

மச்சான்: நல்லா வந்துச்சு... காலையில என்ன சாப்பிட்ட?

மாப்ள: என்ன திடீர்னு?

மச்சான்: மாப்ளயைச் சாப்பிட்டியான்னு கேட்கக் கூடாதா? தூங்கினியா?

மாப்ள: அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். எனக்கென்ன டென்ஷன்? உங்களுக்கு வார்ம்-அப் கொடுக்கணும், பந்தைப் பொறுக்கணும், தண்ணி பாட்டிலை நீட்டணும். அதுக்கப்புறம் நானும் வேடிக்கை பார்க்க வந்தவன்தான். என்ன, டிக்கெட் எடுக்குறதில்ல.

மச்சான்: தங்கச்சி ஒண்ணு சொல்லிச்சு...

மாப்ள: என்ன சொன்னா?

மச்சான்: இன்னியோட நீ நிறுத்திக்கிறியாமே.

மாப்ள: ...அவ வாயில எதுவுமே தங்காதா?

மச்சான்: எங்க வீட்டுப் பொண்ணு. தங்காது. நிஜமாவா?

மாப்ள: டயர் கடை ஓனர் சனிக்கிழமையும் வரச் சொல்றாரு. ஆறு வருஷமா மேட்ச்சு மேட்ச்சுன்னு லீவு கேட்டு எனக்கே வெட்கமா இருக்கு. திங்கக்கிழமை போனா, "எத்தனை பந்து பிடிச்ச?"ன்னு கேட்கிறாரு. என்னத்தைச் சொல்ல? பாட்டில் பிடிச்சேன்னா?

மச்சான்: ஒரு மேட்ச் ஆடினியே.

மாப்ள: அதை எடுக்காதீங்க.

மச்சான்: நாலு கோல்.

மாப்ள: எடுத்துட்டீங்க. நான்தான் ஆடணும்னு முந்தின நாளே சொன்னதுதான் தப்பு. ராத்திரி பூரா கட்டில்லயே டைவ் அடிச்சிருக்கேன். உங்க தங்கச்சி தலையணையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டா.

மச்சான்: மூணாவது கோலுக்கு, அவன் அடிக்கிறதுக்கு முன்னாடியே விழுந்துட்டியே!

மாப்ள: கால் நிக்கல மச்சான். ரெண்டு தடவை வாந்தி வேற... சிரிக்காதீங்க. இந்தக் கை முடிஞ்சுது, அதைக் கொடுங்க. உங்களுக்கென்ன, எத்தனை கிளப்பு பார்த்திருக்கீங்க?

மச்சான்: அஞ்சு. ரெண்டை இழுத்து மூடிட்டாங்க. ஒண்ணு நான் கிளம்பின மறுவருஷமே மேல் டிவிஷனுக்குப் போயிடுச்சு.

மாப்ள: உங்க ராசி அப்படி.

மச்சான்: கொழுப்பு... அது சரி. அன்னிக்கு முந்தின நாளே சொல்லாம, நேரா இறக்கி விட்டிருந்தா?

மாப்ள: என்னையா? தெரியல. பயப்படறதுக்காவது நேரம் இருந்திருக்காது.

கோச்: என்னப்பா, இவன்கிட்ட சொல்லிட்டியா இல்லையா?

மச்சான்: சொல்லிக்கிட்டே இருக்கேன் சார்.

கோச்: நான் பேரை எழுதிக் கொடுத்தாச்சு. சீக்கிரம் ரெண்டு பேரும் கிரவுண்டுக்கு வாங்க.

மாப்ள: அந்தா, போயிட்டாரு... என்ன சொல்லணும் என்கிட்ட?

மச்சான்: இந்த டேப்பைப் பிரி.

மாப்ள: இப்பத்தானே சுத்தினேன்!

மச்சான்: பிரிச்சுட்டு உன் கையைக் கொடு.

மாப்ள: ...மச்சான்.

மச்சான்: மூச்சு விடு. வாந்தி வந்தா பக்கெட்டு அந்தா இருக்கு. ஆனா நேரம் இல்ல, சொல்லிட்டேன்.

மாப்ள: விளையாடாதீங்க. இன்னிக்கா? தோத்தா டீமே கீழ போயிடும்! உங்க தங்கச்சி வந்து அழுதாளா? பாவம் பார்த்துக் கொடுக்கிறீங்களா? எனக்கு வேணாம்.

மச்சான்: பாவம் பார்த்து கோல் போஸ்ட்டைத் தூக்கிக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? ஒரு வாரமா உன்னைத்தான் பார்க்கிறேன். பிராக்டிஸ்ல எவன் அடிச்சாலும் பிடிக்கிற. கையை நீட்டு... ஆங். அப்படி.

மாப்ள: அப்போ நீங்க?

மச்சான்: இடது தோள் போயிடுச்சு மாப்ள. தலைக்கு மேல தூக்க வரல. போன வாரம் வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பந்து வருது, பார்க்கிறேன். கை வரல.

மாப்ள: இதைப் போயி கோச்கிட்ட சொன்னீங்களா? அடுத்த சீசன் உங்களை வச்சுக்குவாங்களா?

மச்சான்: வச்சுக்க மாட்டாங்க. குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறதுக்குத் தோளைத் தூக்க வேண்டியதில்ல... கையை ஆட்டாத, டேப்பு சுருங்குது.

மாப்ள: நான் எங்க ஆட்டுறேன்? எப்போலேர்ந்து இப்படி?

மச்சான்: மழை ஆரம்பிச்சதுலேர்ந்து. காலையில சொன்னா கோச் நம்பவே இல்ல. "தினமும் வார்ம்-அப்புல பார்க்கிறேனே, ஒரு பந்துகூட விட்டதில்லையே"ங்கிறாரு. சட்டையைக் கழட்டித் தூக்கிக் காட்ட வேண்டியதாப் போச்சு. எப்படி மறைச்சிருக்கேன் பார்த்தியா? எதிர்லயே நின்னு அடிக்கிற, உனக்கே தெரியல!

மாப்ள: மழை ஆரம்பிச்சதுலேர்ந்து உங்க இடது பக்கம் மேலாக்க ஒரு பந்தாவது அடிச்சிருக்கேனா மச்சான்?