உதவி வந்துகொண்டிருக்கிறது

ஆய்வாளர் ஐயா, நீங்கள் எழுதித் தந்த விசாரணைத் தாளின் முதல் பத்தியிலேயே இரண்டு சந்திப்பிழைகள் இருந்தன. பென்சிலால் திருத்தியிருக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பத்தோராண்டுத் தமிழாசிரியப் பணி விட்டுச்சென்ற பழக்கம். ஓய்வுபெற்றபின் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனம் என்னை அழைத்ததும் இதற்காகத்தான். நோயாளிகள் தொட்டு இயக்கும் திரைகளை அங்கே வடிவமைத்தார்கள். படுக்கையருகே ஒரு திரை. அதைத் தொட்டால் கவனித்துக்கொள்பவரின் கைபேசியும் கைக்கடிகாரமும் ஒருசேர ஒலிக்கும். திரையில் தோன்றும் சொற்களை எழுதுவது என் வேலை.

அங்கே கற்ற விதி ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பொத்தானைத் தொட்டவர் காத்திருக்கலாம். ஆனால் தம் அழைப்பு எவர் காதிலும் விழவில்லை என்று ஒரு நொடிகூட எண்ணக்கூடாது. ஆகவே தொட்டவுடன் சிவப்பு வட்டம் பச்சையாகும். ‘உதவி வந்துகொண்டிருக்கிறது’ என்ற வரி தோன்றும். அவ்வரி நான் எழுதியது.

இடுப்பு முறிந்தபின் அக்கா என் வீட்டில் இருந்தார். தாயில்லாத என்னை வளர்த்தவர். நான் நன்றி மறந்தவனல்லன். கட்டிலருகே அத்திரையைப் பொருத்தியவனும் நானே. ஆனால் அவர் நாளொன்றுக்கு நாற்பது முறை அழுத்தினார். எழுதுமேசையை விட்டு ஓடினால், "ஒண்ணுமில்லடா தம்பி, நீ இருக்கியான்னு பாத்தேன்" என்பார். ஒருமுறை திரும்பி வந்தபின் கதவிடுக்கின் வழியே கவனித்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே செய்கிறார் என்ற ஐயம் அன்றே உறுதியாயிற்று. ‘புலி வருகிறது’ கதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவனுக்கு இது தெரியாதா?

வடிவமைப்பாளர்கள் எதையும் செய்து முடிக்குமுன் ஒரு மாதிரித் திரையை உருவாக்குவார்கள். பார்வைக்கும் தொடுகைக்கும் அசலேதான்; வட்டம் பச்சையாகும், வரி தோன்றும். ஆனால் அது எவரையும் அழைக்காது. எத்தனை முறை தொட்டார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் சோதிப்பவரின் கணினிக்கு அனுப்பும். ஒரு திங்கட்கிழமை காலை, அக்கா உறங்கும்போது, அசலை எடுத்துவிட்டு மாதிரியை வைத்தேன்.

வீடு அமைதியாயிற்று. அழுத்துவதுகூடப் பதினொன்றாகக் குறைந்தது. பார்க்க வந்த அவருடைய மகள்தான் துருவினாள்.

"மாமா, அம்மா அழுத்துறாங்க, உங்க ஃபோன் ஏன் அடிக்கல?"

"சத்தத்த நிறுத்தி வச்சிருக்கேம்மா. கடிகாரம் அதிரும்."

"விடுடி," என்றார் அக்கா. "பச்ச வந்துடுச்சுல்ல, அவன் வந்துடுவான்."

"வாத்தியார் பொய்யா சொல்லப்போறாரு" என்று அவளும் சிரித்தாள். ஆயினும் புறப்படும்வரை என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறரை ஐயுறுவது நல்ல குணமன்று. உங்களிடம் வந்தவளும் அவளாகத்தான் இருக்கவேண்டும்.

அந்தப் புதன்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு என் கணினியில் எண் ஏறத் தொடங்கியது. நான் அடுத்த அறையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஐந்து, ஒன்பது, பதினான்கு. பழைய விளையாட்டு என்றெண்ணினேன். முப்பதில் எழுந்து கதவுவரை சென்றேன். மூச்சுக்குத் திணறுபவர் எழுப்பும் ஒலியை நடிப்பினின்று பிரித்தறிய எனக்குத் தெரியும், அது நடிப்பன்று. ஆனால் கதவைத் திறந்திருந்தால், பலமுறை அழுத்தினால் நான் வருவேன் என்று அவர் கற்றுக்கொண்டிருப்பார். திரும்பி வந்து அமர்ந்தேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு, அறுபத்தொன்றில் எண் நின்றது. நுரையீரலில் இரத்தக்கட்டி என்றும், உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் மருத்துவர் சொன்னார். மறுப்பதற்கில்லை.

ஆம், நான்தான் செய்தேன், கையொப்பமும் இடுகிறேன். ஆனால் உங்கள் தாளின் கடைசி வரியில் ‘கைவிடப்பட்டோம் என்ற அச்சத்தோடு இறந்தார்’ என்றிருக்கிறது, அதை அடித்துவிட்டேன். தம்பி வருவான் என்ற நம்பிக்கை இல்லாதவர் அறுபத்தொரு முறை அழுத்துவாரா?