வருமானக் கட்டம்

எனக்கு வருமானம் ஜாஸ்தியாம்மா! கேட்டியா இந்த அநியாயத்தை? உதவித்தொகை கிடையாதுன்னு இந்த காலேஜ் ஆபீஸ்லேர்ந்து ஒத்தை வரியில எழுதி அனுப்பிட்டாங்க. என் செருப்பைப் பாரு, தையல் மேல தையல். இதைப் போட்டுட்டு நடக்கிறவ பணக்காரி மாதிரியா இருக்கா? ... இல்லைல்ல? அதைத்தான் சொல்றேன்.

நீ பகல்ல படிக்கிற பொண்ணா? நான் சாயங்கால வகுப்பு. பகலெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல... சூப்பர்வைசர். ம்... ஆமா, சூப்பர்வைசர்தான். இந்த லேப் படிப்பை முடிச்சுட்டா அந்தக் கீழ்த்தளத்து நீராவியை விட்டுட்டு மூணாவது மாடி லேப்புக்குப் போயிடலாம். அங்க ஜன்னல் இருக்கும்மா! அதுக்குத்தான் நாப்பத்தி மூணு வயசுல நோட்டும் கையுமா அலையறேன். ஒரு பாடம் போதும்னேன். பகுதி நேரமா படிச்சாலும் ரெண்டு பாடம் எடுத்தாத்தான் உதவித்தொகைன்னாங்க. சரின்னு ரெண்டு எடுத்தேன். இப்போ என்னடான்னா, இன்னைக்கு நாலு மணிக்குள்ள சரி பண்ணலைன்னா ரெண்டுலேர்ந்தும் பேரை அடிச்சுடுவாங்களாம். மணி என்ன? மூணரையா? போச்சு!

அந்தக் கவுண்டரைப் பாரேன்... கண்ணாடியில ஓட்டையை இடுப்பு உயரத்துல வெச்சிருக்கான் புண்ணியவான். இப்போ ஒருத்தர் குனிஞ்சு கத்தினாரே, அவர் வீட்டு வாடகை என்னன்னு இந்த ஹாலுக்கே தெரிஞ்சுபோச்சு. மனுஷனுக்கு மானம் மரியாதை வேணாமா?

எல்லாம் என் நாத்தனாரால வந்தது. அவ வீட்லதான் கம்ப்யூட்டர் இருக்கு. விண்ணப்பம் போடப் போனா, பக்கத்துலயே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. பேரு போட்டேன், சரி. வயசு போட்டேன், அதுவும் சரி. வருமானம்னு ஒரு கட்டம் வந்துச்சு பாரு... மகராசி கண்ணு இமைக்கவே இல்ல! நான் என்ன பண்ணுவேன்? சூப்பர்வைசர் சம்பளத்தைப் போட்டேன். வீட்டுக்குப் போய்த் திருத்திக்கலாம்னு இருந்தா, உதவி பண்றாளாம், அனுப்புற பட்டனை அவளே அமுக்கிட்டா!

என்ன அப்படிப் பாக்குற? ... சூப்பர்வைசர் தன்னோட சம்பளத்தைப் போட்டா அதுல என்ன தப்புங்கிறியா?

அது வந்து... வேலைக்குச் சேந்த புதுசுல அவ கேட்டா, என்ன வேலைன்னு. வாய் தவறி வந்துடுச்சு. பதினோரு வருஷமா அதைக் காப்பாத்திட்டு வர்றேன். உன்கிட்டயும் அதே வாய்தானே... விடு.

ஐயையோ, என் நம்பர்! பையைக் கொஞ்சம் பிடி. சம்பளச் சீட்டு... இந்தா இருக்கு. நீ அந்தப் பக்கமா திரும்பிக்கோயேன், கண்ணு.

சார், வணக்கம். விண்ணப்பத்துல ஒரு சின்ன... நான் சூப்பர்வைசர் இல்ல சார். ... கேக்கலையா? ... இல்ல சார், அந்த வேலை இல்ல, நான் வந்து... இன்னும் சத்தமாவா?

துணி மடிக்கிறவ சார்! பதினோரு வருஷமா துணி மடிக்கிறவ!