அழுக்கு இல்லையாம்

மின்சார ரயிலில் யார் பேச்சும் ரகசியமில்லை. தாம்பரத்தில் நான் ஏறிய பெண்கள் பெட்டியில், எதிரே பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்டவள் திடீரென்று சொன்னாள்:

“என் கழுத்துல கறுப்பா இருக்கே, அது அழுக்கே இல்லையாம்டி.”

“பின்ன?” என்றாள் மற்றவள்.

“சுகர் வரப்போகுதுன்னு காட்டுதாம். டாக்டர் கழுத்தப் பார்த்துட்டுத்தான் பிளட் டெஸ்ட்டே எழுதினாங்க. பார்டர்ல இருக்காம்.”

“பார்டர்னா பாஸ்தானே?”

“நானும் அதான்டி கேட்டேன். டாக்டர் சிரிக்கவே இல்ல. கூல்டிரிங்க்ஸ், சிப்ஸ் எல்லாம் நிறுத்தணுமாம். தினம் ஓடியாடி விளையாடணுமாம்.”

“எப்போ விளையாடுவ? காலைல டியூஷன், சாயந்திரம் டியூஷன். பி.டி. பீரியட்ல கெமிஸ்ட்ரி.”

“அதையும் சொன்னேன்.”

“அம்மா திட்டினாங்களா?”

“இல்லடி. ஒழுங்கா குளிக்கறதில்லன்னு திட்டித் திட்டி, கடலை மாவு போட்டுத் தேய்ப்பாங்கல்ல? இன்னிக்குத் தலை பின்னும்போது கழுத்த மெதுவா தடவிட்டே இருந்தாங்க.”

மற்றவள் தன் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தோழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“எனக்கும் இருக்கா பாரேன்.”