திரும்பவும் செய்யச் சொன்ன ஆமிக்காரன்

கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கி, மூன்று கடைக்கு முதலாளியானவன் நான். சும்மா பேச்சுக்கெல்லாம் காது கொடுக்க மாட்டேன். ஆனால் சண்டைக் காலத்தில், மட்டக்குளி பஸ்ஸில், முன் சீட்டுக்காரன், “மச்சான், நேற்று ஆமிக்காரன் என்னைப் பிடிச்சுப்போட்டான்!” என்று சந்தோஷமாகச் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

“மெல்லக் கதையடா. அதுக்கு ஏன் இளிக்கிறாய்?” என்றான் பக்கத்தில் இருந்த கூட்டாளி.

“என்ன வேலை எண்டு கேட்டான். மேடையில பகிடி சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைக்கிறனான் எண்டன். நம்பேல்ல, செய்து காட்டு எண்டான். பஸ் கண்டக்டர் மாதிரிச் சிங்களத்தில கத்தினன்.”

“அடிச்சவனோ?”

“சிரிச்சவன்டா! மற்றவங்களையும் கூப்பிட்டுத் திரும்பவும் செய்யச் சொன்னான். ஒருத்தன் துவக்கைச் சுவரில சாத்திப்போட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சான். நானும் விடாமச் செய்தன்.”

“அப்ப ராத்திரிக் கொட்டாஞ்சேனைத் திருநாள் மேடை?”

“நான் போய்ச் சேரேக்க எல்லாம் முடிஞ்சு, சனம் இருந்த கதிரையளை அடுக்கிக்கொண்டு நிண்டாங்கள். போகட்டும் மச்சான். அங்க நான் மைக்கைப் பிடிச்சாச் சனம் சாப்பாட்டுக்கு எழும்பிப் போகும். இவங்கள் என்னைப் போகவே விடேல்லயடா!”